பீப் அடிச்சா திருட்டுன்னு அர்த்தமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு வந்த ஒரு வாய்ஸ் நோட்ல ஒருத்தர் கேட்டிருந்தார்: "சூப்பர் மார்க்கெட்ல வேலை பார்த்தேன்னு அடிக்கடி சொல்றீங்களே, எப்பவாவது திருடனைப் பிடிச்சிருக்கீங்களா?" பிடிச்சிருக்கேன். ஆனா அதுக்கு முன்னாடி, திருடாத ஒரு பொண்ணைப் பிடிச்ச கதையைச் சொல்லணும்.

ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்துல இருந்த ஒரு கடை. பேர் வேண்டாம். நான் அங்க ஃப்ளோர் இன்சார்ஜ். அந்தப் பக்கம் போகாதவங்களுக்காகச் சொல்றேன்: வண்டலூர்ல இருந்து வாலாஜாபாத் போற ரோடும், சிங்கப்பெருமாள் கோயில்ல இருந்து ஸ்ரீபெரும்புதூர் போற ரோடும் சந்திக்கிற இடம்தான் ஒரகடம். சுத்தி கார், லாரி, பைக், டயர், செல்போன்னு கம்பெனிங்க. எங்க கடைக்குக் கடிகாரமே ஷிஃப்டுதான். மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு கூட்டம், ராத்திரி பத்து மணிக்கு ஒரு கூட்டம். நடுவுல ஈ ஓட்டலாம்.

சம்பளம் வந்த வாரம். ராத்திரி பத்தேகால் இருக்கும். கம்பெனி பஸ் இறக்கி விட்ட உடனே ஐம்பது பேர் உள்ள. மூணு பில் கவுன்டர்ல ரெண்டுதான் ஓடுது. யூனிஃபார்ம்கூட மாத்தாத ஒரு பொண்ணு, இருபது வயசு இருக்கும், பில் போட்டு, காசு கட்டி, கவரைத் தூக்கிக்கிட்டு வெளிய போகுது. வாசல்ல இருக்கிற கேட் பீப் பீப்னு கத்துது. செக்யூரிட்டி அண்ணன் ஓடிப்போய் அந்தப் பொண்ணோட ஹேண்ட்பேகைப் பிடிச்சு இழுத்துட்டார். "நில்லும்மா, பையைத் திற." மொத்தக் கடையும் திரும்பிப் பார்க்குது. வரிசையில நின்னவங்க பாதிப் பேர் அதே பஸ்ல வந்தவங்க, அதே ஹாஸ்டல்ல தங்குறவங்க.

பையில டிஃபன் பாக்ஸ், ஐ.டி. கார்டு, ஒரு துப்பட்டா. கவர்ல ஒரு டியோடரன்ட். பில்லுல அந்த டியோடரன்ட் இருக்கு. அதுல ஒட்டியிருந்த டேகை ஆஃப் பண்ண பில் போட்ட பையன் மறந்துட்டான். அவ்வளவுதான் விஷயம். நான் போய் "சாரிம்மா, மிஸ்டேக்"னு சொன்னேன். அந்தப் பொண்ணு ஒண்ணும் பேசல. பில்லை என் கையில இருந்து வாங்கி, மடிச்சு, பர்ஸ்ல வெச்சுக்கிட்டு போயிடுச்சு. அப்புறம் வரவே இல்ல. அது மட்டும் இல்ல, அந்த ஹாஸ்டல்ல இருந்து வாராவாரம் சேர்ந்து வர்ற ஒரு செட்டே வர்றதை நிறுத்திடுச்சு. எதிர்ல இருந்த சின்ன மளிகைக் கடையில அவங்களைப் பார்த்தேன்.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனில வேலை பார்க்கிறவங்களுக்கு மெட்டல் டிடெக்டரும் பை செக்கிங்கும் தினசரி வாழ்க்கை. உள்ள போகும்போது ஒரு தடவை, வெளிய வரும்போது ஒரு தடவை. ஹாஸ்டல் கேட்லயும் பல இடத்துல நோட்டுல கையெழுத்து. நாள் முழுக்க "நீ எதையாவது எடுத்திருப்பியோ"ங்கிற பார்வையில இருந்துட்டு, சொந்தக் காசுல சோப்பு வாங்க வர்ற இடத்துலயும் அதே பார்வை. இது எனக்கு அன்னைக்குத் தோணல. ரொம்ப நாள் கழிச்சுதான் தோணுச்சு.

சரி, அந்த கேட் எப்படி வேலை செய்யுது? பலருக்கு இது தெரியாது, செக்யூரிட்டிகள் உட்பட. அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலம், ஆக்ரன் நகரம், 1960-கள். ரான் அசாஃப்னு ஒரு சூப்பர் மார்க்கெட் மேனேஜர். வைன் பாட்டிலைத் தூக்கிட்டு ஓடினவனைத் துரத்திப் பிடிக்க முடியாம மூச்சு வாங்கி நின்னவர், அந்தக் கடுப்புல பின்னாடி ஆரம்பிச்ச கம்பெனிதான் சென்சார்மேட்டிக். இன்னைக்கு உலகம் முழுக்கக் கடை வாசல்ல நிக்கிற கேட்டுகள்ல பெரிய பங்கு அவங்களோடது. டேக்ல ரெண்டு வகை ரொம்பப் பரவலா இருக்கு. ஒண்ணு, சின்ன வெள்ளை பிளாஸ்டிக் பட்டை மாதிரி இருக்கும். உள்ள மெல்லிய உலோகத் தகடு. வாசல் கேட் 58 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு துடிப்பு அனுப்பும், தகடு அதுக்குப் பதிலா அதிரும், கேட் அந்த அதிர்வைக் கேட்டுக் கத்தும். இன்னொண்ணு சதுர ஸ்டிக்கர். உள்ள சுருள் சுருளா உலோகக் கோடு. அது 8.2 மெகாஹெர்ட்ஸ்ல வேலை செய்யும். பில் கவுன்டர்ல ஒரு பேட் இருக்கும். பொருளை அது மேல காட்டினா டேக் செத்துடும். துணியில மாட்டுற கெட்டியான டேகை மட்டும் காந்தம் வெச்சுக் கழட்டணும்.

அப்போ கேட் கத்துதுன்னா என்ன அர்த்தம்? பக்கத்துல உயிரோட ஒரு டேக் இருக்கு. அதுக்கு மேல அந்த மெஷினுக்கு ஒண்ணும் தெரியாது. பில் போட்ட பையன் கை தவறியிருக்கலாம். நேத்து சென்னையில வேற கடையில வாங்கின செருப்புல ஆஃப் பண்ணாத டேக் இருக்கலாம். சதுர ஸ்டிக்கர் வகை கேட்டா இருந்தா, சுருட்டி வெச்ச ஒயர், பெரிய உலோகச் சாமான் எல்லாம்கூட அதைக் குழப்பும். எங்க கடையில கூட்ட நேரத்துல அடிச்ச பீப்ல பெரும்பாலானது எங்க கவுன்டர் தப்புதான். ஆனா சத்தம் கேட்ட உடனே எல்லாரும் வெளிய போறவங்க முகத்தைத்தான் பார்ப்பாங்க. பில் போட்டவன் முகத்தை யாரும் பார்க்க மாட்டாங்க.

இப்போ கொஞ்சம் பின்னாடி போவோம். நம்ம ஊர் மளிகைக் கடையை யோசிச்சுப் பாருங்க. முன்னாடி ஒரு மேஜை, தராசு. அண்ணாச்சி அந்தப் பக்கம், நாம இந்தப் பக்கம். பருப்பு, சர்க்கரை எல்லாம் அவருக்குப் பின்னாடி. ஷாம்பு பாக்கெட் சரம் அவர் கை எட்டுற உயரத்துல தொங்கும். மிட்டாய் பாட்டில் மூடியை அவர்தான் திறப்பார். அங்க கேமரா எதுக்கு? கடையோட அமைப்பே பூட்டுதான். அதுக்குக் கொடுக்கிற விலை, நேரம். ஒருத்தருக்குக் கட்டிக் கொடுக்கிற வரைக்கும் மத்த எட்டுப் பேர் நிக்கணும்.

1916-ல அமெரிக்காவுல மெம்ஃபிஸ் நகரத்துல கிளாரன்ஸ் சாண்டர்ஸ்னு ஒருத்தர் பிக்லி விக்லின்னு ஒரு கடை திறந்தார். வாங்குறவங்களே கூடையை எடுத்துக்கிட்டு உள்ள போகலாம், தானே எடுக்கலாம், கடைசியில ஒரு இடத்துல காசு கட்டலாம். ஆளு கம்மி, வியாபாரம் ஜாஸ்தி. நம்ம பக்கம் 90-கள்ல ஃபுட்வேர்ல்டு மாதிரி கடைகள் சென்னையில பரவினப்போதான் நிறையக் குடும்பங்களுக்கு இது பழக்கமாச்சு. எங்க அம்மா முதல் தடவை போனப்போ எந்தப் பொருளையும் தொடாம, "தம்பி, அதை எடுத்துக் குடுப்பா"ன்னு கேட்டாங்க.

கவனிங்க, பொருளைத் தொட விடுறது கடைக்காரர் தன்னோட லாபத்துக்காக எடுத்த முடிவு. தொட்டா வாங்குவாங்க, அதான் கணக்கு. தொடுறவங்கள்ல சிலர் பையில போட்டுக்குவாங்கங்கிறதும் அந்தக் கணக்குல ஒரு செலவு. அந்தச் செலவைக் குறைக்கிறது நியாயம். ஆனா உள்ள வர்ற எல்லாரையும் அதுக்காக முறைச்சுப் பார்த்தா, அப்புறம் அண்ணாச்சி கடையே மேல்.

திரும்ப எங்க கடைக்கு வரேன். அந்தப் பொண்ணு விஷயத்துக்கு ஒரு பின்னணி இருக்கு. அதுக்கு முந்தின மாசம் ஸ்டாக் எடுத்தப்போ நல்ல ஷார்ட்டேஜ். கம்ப்யூட்டர்ல இருக்கிற கணக்குக்கும் ஷெல்ஃப்ல இருக்கிற சரக்குக்கும் பெரிய இடைவெளி. ஓனர் கத்தினார். "கூட்டத்துல தூக்கிட்டுப் போறானுங்க, நீங்க தூங்குறீங்க." செக்யூரிட்டி அண்ணனைக் கூப்பிட்டு, "இனிமே பொருள் போனா உங்க சம்பளத்துல பிடிப்பேன்"னு சொல்லிட்டார். அண்ணன் பக்கத்து ஊர்க்காரர், அறுபதை நெருங்கினவர், 12 மணி நேர டூட்டி. அவர் அந்தப் பையை ஏன் அப்படி இழுத்தார்னு இப்போ புரியுதா? அவர் இழுத்தது அவரோட சம்பளத்தை.

ஷார்ட்டேஜுக்குக் கடைக்காரங்க பாஷையில ஷ்ரிங்கேஜ்னு பேர். பொருள் காணோம்னா அது திருட்டுன்னு நினைக்கிறது நமக்கு மட்டும் உள்ள வியாதி இல்ல. அமெரிக்காவோட பெரிய கடைக்காரர்கள் சங்கம், நேஷனல் ரீடெய்ல் ஃபெடரேஷன், 2023-ல ஒரு அறிக்கை விட்டாங்க. 2021-ல காணாமப் போன 94.5 பில்லியன் டாலர் சரக்குல கிட்டத்தட்ட பாதி, கும்பலா சேர்ந்து பண்ற திருட்டாலன்னு. எல்லா டிவியிலயும் ஓடுச்சு. அதே வருஷம் டிசம்பர்ல, அந்தக் கணக்கு தப்புன்னு சங்கமே வாபஸ் வாங்கிடுச்சு. 94.5-ங்கிறது எல்லா வகை ஷ்ரிங்கேஜும் சேர்ந்த தொகை. வெளி ஆள் திருட்டு, உள் ஆள் திருட்டு, பில் தப்பு, சப்ளையர் தப்பு எல்லாம் அதுல அடக்கம்.

எங்க கடையில என்ன ஆச்சுன்னா, வருஷத்துக்கு ரெண்டு தடவை மொத்தக் கடையையும் எண்ணுறதை விட்டுட்டு, அதிகம் காணாமப் போற முப்பது பொருளை மட்டும் தினமும் காலையில எண்ண ஆரம்பிச்சோம். இருபது நிமிஷ வேலை. ரெண்டு வாரத்துல கதை வெளிய வந்துச்சு. ஒரே கம்பெனி ஷாம்பு, நாலு வாசனை. ஒரு கஸ்டமர் நாலும் ஒவ்வொண்ணு எடுத்துட்டு வந்தா, பில் பையன் ஒண்ணை ஸ்கேன் பண்ணி நாலுன்னு தட்டுறான். விலை ஒண்ணுதானே, வரிசை வேற நீளம். கணக்குல ஒரு வாசனை மூணு ஜாஸ்தியா போயிருக்கும், மத்த மூணும் அப்படியே நிக்கும். ஸ்டாக் எடுக்கும்போது ஜாஸ்தியா இருக்கிறதை யாரும் கேட்க மாட்டாங்க. குறைஞ்சதுக்கு மட்டும் திருடனைத் தேடுவாங்க.

அடுத்தது பின்வாசல். சரக்கு வண்டி எப்பவும் கூட்ட நேரத்துல வரும். டிரைவர் அவசரப்படுத்துவார். பெட்டியை எண்ணிட்டு இன்வாய்ஸ்ல கையெழுத்து. பெட்டிக்குள்ள 24-க்குப் பதிலா 22 இருந்தா யாருக்குத் தெரியும்? கையெழுத்துப் போட்டது யாருன்னு கேக்குறீங்களா? நான்தான். பாதி இன்வாய்ஸ்ல என் கையெழுத்து. முன்வாசல்ல ஐ.டி. கார்டு போட்ட பொண்ணோட பையைத் திறந்து பார்த்த கடை, பின்வாசல்ல பெட்டியைத் திறந்து பார்க்கல. அப்புறம் எக்ஸ்பைரி ஆன பிரெட், பால் சாமானை என்ட்ரி போடாமலே திருப்பி அனுப்புறது. இதையெல்லாம் கழிச்சுப் பார்த்தா ஷார்ட்டேஜ்ல பெரிய பகுதி எங்க கையாலேயே போயிருக்கு.

மீதி? மீதி திருட்டுதான். அதை மறைக்க மாட்டேன். ரேசர் பிளேடு, டியோ, பாதாம் முந்திரி பாக்கெட், பெரிய சாக்லேட், கண் மை. எல்லாம் கைக்குள்ள அடங்கும், விலை ஜாஸ்தி. அரிசி மூட்டை அடுக்கியிருந்த மூலையில, மூட்டைக்குப் பின்னாடி காலி அட்டைகள் கிடைக்கும். அட்டையைப் பிரிச்சுப் போட்டுட்டு உள்ள இருக்கிறதை மட்டும் எடுத்துட்டுப் போயிருப்பாங்க. நான் நேர்ல பார்த்து நிறுத்தினவங்க அஞ்சாறு பேர். அதுல கம்பெனி யூனிஃபார்ம்ல வந்தவர் ஒருத்தர்கூட இல்ல. காரை வாசல்ல நிறுத்திட்டு வந்து பிளேடு பாக்கெட்டைச் சட்டைக்குள்ள போட்டவர் ஒருத்தர். அஞ்சாறு பேரை வெச்சு எந்த முடிவுக்கும் வர முடியாதுதான். ஆனா ஒடியாலயும் இந்தியிலயும் பேசிக்கிட்டு வர்ற பசங்க பின்னாடியேதான் எங்க ஆளுங்க ஷெல்ஃப் ஷெல்ஃபா நடந்தாங்க. அந்த நேரத்துல கார்க்காரர் பின்னாடி யாரும் இல்ல.

என்ன பண்ணினோம்னு சொல்றேன். முதல்ல அந்த அரிசி மூட்டை மூலையைக் காலி பண்ணினோம். ஏழடி ஷெல்ஃபை அஞ்சடியாக் குறைச்சோம். ஓனருக்கு வயிறு எரிஞ்சுது, இடம் வீணாப் போகுதேன்னு. ஆனா கவுன்டர்ல நின்னா கடைக்கோடி வரைக்கும் தலை தெரியும். பிளேடும் பாதாமும் பில் கவுன்டருக்கு எதிர்ல வந்துச்சு. ஷெல்ஃப்ல ஒவ்வொண்ணுலயும் பத்துப் பன்னெண்டு அடுக்காம, மூணு நாலு மட்டும் முன்னால இழுத்து வெச்சோம். மொத்தமா வாரிட்டுப் போனா உடனே கண்ணுல படும். கண்ணாடிப் பெட்டியில பூட்டுறதையும் முயற்சி பண்ணிப் பார்த்தோம். திருட்டு நின்னுச்சு, வியாபாரமும் நின்னுச்சு. சாவி வெச்சிருக்கிற பையனைத் தேடிப் பிடிச்சுக் கேட்டு வாங்க யாருக்குப் பொறுமை? ஒரு மாசத்துல பூட்டை எடுத்துட்டோம்.

எதைவிடவும் வேலை செஞ்சது ரொம்பச் சாதாரணமான விஷயம். உள்ள வர்றவங்களைப் பார்த்து, "வாங்க அக்கா, என்ன வேணும்"னு கேக்குறது. நிஜமாவே வாங்க வந்தவங்களுக்கு அது மரியாதை. எடுக்க வந்தவங்களுக்கு, "இவன் நம்மளைப் பார்த்துட்டான்"னு ஒரு தகவல். ரெண்டு பேர்கிட்டயும் ஒரே வார்த்தை, ஒரே சிரிப்பு. யாரும் அவமானப்படல. ஆனா இதைச் செய்ய ஃப்ளோர்ல ஆள் வேணும், அந்த ஆளுக்குத் தெம்பு வேணும். காலையில இருந்து நின்னே கால் வீங்கினவங்ககிட்ட சிரிப்பை எதிர்பார்க்க முடியாது. தமிழ்நாட்டுல 2021-ல கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம்னு கொண்டு வந்தாங்க. 'அங்காடித் தெரு' பார்த்தவங்களுக்கு அது எவ்வளவு லேட்னு தெரியும். என்னைக் கேட்டா, ஸ்டூல் போடுறதும் திருட்டைத் தடுக்கிற செலவுதான்.

கேமரா பத்திச் சொல்லாம விட்டா திட்டுவீங்க. சென்னை போலீஸ் "மூன்றாவது கண்"ணுன்னு பெரிய இயக்கமாவே நடத்தினாங்க. தீபாவளி நேரத்துல தி.நகர்ல கேமரா, கண்காணிப்புக் கோபுரம்னு ஒரே அமர்க்களமா இருக்கும். தெருவுல பிக்பாக்கெட், செயின் பறிப்புக்கு அது உதவும். கடைக்குள்ள கேமரா நடந்து முடிஞ்சதைத்தான் காட்டும். எங்ககிட்ட 16 கேமரா. 16 கட்டத்தையும் உட்கார்ந்து பார்க்கிற ஆள்? பூஜ்யம். ஆபீஸ் ரூம்ல டிவி ஓடும், அதுக்குக் கீழ நாங்க சாப்பிடுவோம். பிரயோஜனம் வந்தது ஒரே ஒரு தடவை, பின்வாசல் பக்கம் ஒரு கேமராவைத் திருப்பி வெச்சப்போ.

சின்னக் கடைகளுக்கு இப்போ வேற தலைவலி. காசு அனுப்பிட்டேன்னு போலி ஸ்கிரீன் காட்டிட்டுப் போறது. சுங்குவார்சத்திரம், மாத்தூர் பக்கம் போனா பெட்டிக்கடை வரைக்கும் பேசுற சவுண்ட் பாக்ஸ் இருக்கும். "ரூபாய் நாற்பது பெறப்பட்டது." எனக்கு அந்தக் கருவி மேல ஒரு தனி மரியாதை உண்டு. யாரையும் சந்தேகப்பட்டு, "காட்டு, ஃபோனைக் காட்டு"ன்னு கேக்க வேண்டாம். எல்லாருக்கும் ஒரே குரல்.

இப்போ உண்மையிலேயே ஒருத்தர் எடுக்கிறதைப் பார்த்துட்டோம். என்ன பண்ணலாம்? இங்கதான் நிறையப் பேருக்குத் தப்பான தைரியம். ரீல்ஸ்ல வர்ற அமெரிக்க வீடியோவுல கடை ஆளுங்க திருடனை ரூம்ல உட்கார வைப்பாங்க. அங்க பல மாநிலங்கள்ல, நியாயமான காரணம் இருந்தா கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கக் கடைக்காரருக்குன்னே சட்டத்துல இடம் இருக்கு. நம்ம சட்டத்துல அப்படித் தனி அதிகாரம் கிடையாது. எந்தத் தனி நபரும் ஒருத்தரைப் பிடிக்கலாம், ஆனா அவர் கண்ணு முன்னாடி நடந்த, ஜாமீன் இல்லாத, போலீஸ் வாரன்ட் இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றமா அது இருக்கணும். பிடிச்சா தாமதம் இல்லாம, ஆறு மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல ஒப்படைக்கணும். 2024 ஜூலை 1-ல நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். சொல்றது இது.

அதே நாள் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல, 303-வது பிரிவுல, ஒரு புது விஷயம் இருக்கு. 5,000 ரூபாய்க்குக் கீழ மதிப்பு, முதல் தடவை தண்டிக்கப்படுறவர், பொருளையோ அதோட மதிப்பையோ திருப்பிக் கொடுத்துட்டார்னா, ஜெயில் இல்ல, சமூக சேவைதான் தண்டனை. அந்த வகைத் திருட்டு, போலீஸே வாரன்ட் இல்லாம கைது பண்ண முடியாத பட்டியல்ல இருக்கு. பொருள் பாதுகாக்கிற கட்டடத்துல நடந்த திருட்டுன்னு 305 போட்டா கதை வேற, அது கடுமையான பிரிவு. எதைப் போடணும்னு போலீஸும் கோர்ட்டும் பார்த்துக்குவாங்க. வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி அண்ணனால அதைத் தீர்மானிக்க முடியுமா? 200 ரூபா சாக்லேட்டுக்காக ஒருத்தரை குடோன்ல பூட்டி வெச்சா, சட்டப்படி சட்டவிரோதக் காவல் கேஸ் கடை மேலதான் வரும்.

"திருடினால் பத்து மடங்கு அபராதம்"னு போர்டு பார்த்திருப்பீங்க. எங்க கடையிலயும் தொங்குச்சு. அபராதம் போடுற அதிகாரம் கடைக்கு யாரும் கொடுக்கல. மிரட்டிப் பணம் வாங்கினா அதுக்கு வேற பிரிவு இருக்கு. ஃபோட்டோ எடுத்து வியாபாரிகள் வாட்ஸப் குரூப்ல போடுறது இன்னும் மோசம். ஆள் தப்பா இருந்தா அவதூறு. ஆள் சரியா இருந்தாலும், கூட்டம் என்ன பண்ணும்னு உங்க கையில இல்ல.

கூட்டம் என்ன பண்ணும்ங்கிறதுக்கு நமக்குப் பக்கத்துலயே ஒரு சாட்சி இருக்கு. கோயம்புத்தூர்ல இருந்து ஆனைகட்டி தாண்டினா அட்டப்பாடி. 2018 பிப்ரவரி 22. மதுங்கிற பழங்குடி இளைஞர். மனநலம் சரியில்லாதவர், வீட்டை விட்டுக் காட்டுல தங்கியிருந்தவர். கடையில அரிசி, சாப்பாட்டுச் சாமான் திருடினார்னு சந்தேகப்பட்டு ஒரு கூட்டம் காட்டுக்குள்ள போய் அவரைப் பிடிச்சுது. கையைக் கட்டினாங்க, அடிச்சாங்க, அவரைப் பக்கத்துல வெச்சு செல்ஃபி எடுத்தாங்க. முக்காலி ஜங்ஷனுக்குக் கூட்டிட்டு வந்து போலீஸ்கிட்ட ஒப்படைச்சாங்க. ஆஸ்பத்திரி போற வழியில இறந்துட்டார். 2023 ஏப்ரல்ல மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேர் குற்றவாளின்னு சொல்லுச்சு. 13 பேருக்கு ஏழு வருஷ ஜெயில். அந்த 13 பேரும் காலையில எழுந்து, "இன்னைக்கு ஒருத்தரைக் கொல்லுவோம்"னு கிளம்பினவங்களா இருக்க மாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன். திருடனைப் பிடிச்சோம்னு பெருமையா எடுத்த செல்ஃபிதான் உலகத்துக்கே சாட்சியாச்சு.

அந்த ஃபோட்டோவை நான் கடையில வேலை செஞ்ச காலத்துலதான் பார்த்தேன். அதுக்கு அப்புறம் எங்க பில் கவுன்டர் பசங்க ஒரு பிளேடு பாக்கெட்காரரைச் சுத்தி நின்னப்போ எனக்குக் கை நடுங்குச்சு. எல்லாரையும் விலகச் சொல்லிட்டு, நான் ஒருத்தன் மட்டும் பக்கத்துல போய் மெதுவா, "சார், பில் போட மறந்த பொருள் ஏதாவது இருந்தா கவுன்டர்ல கொடுத்துடுங்க"ன்னு சொன்னேன். கொடுத்துட்டார். போலீஸுக்குப் போகணும்னா போயிருக்கலாம், கடையோட உரிமை அது. எங்களுக்குப் பொருள் திரும்பினா போதும்னு முடிவு பண்ணோம். பசங்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

செக்யூரிட்டி அண்ணனோட சம்பளப் பிடித்தத்தை எடுக்க வைக்க எனக்கு மூணு மாசம் ஆச்சு. தினசரி எண்ணிக்கை நோட்டை ஓனர்கிட்ட கொண்டு போய், ஷாம்பு கணக்கு, பின்வாசல் கணக்குன்னு காட்டினதுக்கு அப்புறம்தான் மசிஞ்சார். போர்டைக் கழட்டினோம். டோக்கன் போட்டு பை வாங்கி வைக்கிறதை எல்லாருக்கும்னு ஆக்கினோம். யூனிஃபார்மா இருந்தாலும் சரி, கார்ல வந்தாலும் சரி. அதுக்கான அறிவிப்பைத் தமிழ், இந்தி, ஒடியான்னு மூணு மொழியில எழுதி ஒட்டினோம். ஒடியா எழுதிக் கொடுத்தது, முன்னாடி நாங்க பின்னாடியே நடந்துக்கிட்டிருந்த பசங்கள்ல ஒருத்தர்தான்.

கேட் மட்டும் அப்படியே இருந்துச்சு, இன்னும் கத்திக்கிட்டுதான் இருந்துச்சு. மாறினது அண்ணன் பேசுறது. பீப் அடிச்சா பையைத் தொடக் கூடாது. "மன்னிச்சுக்கம்மா, எங்க பசங்க டேக் எடுக்க விட்டுட்டாங்க போல, ஒரு நிமிஷம் கவுன்டருக்கு வாங்க." முதல் வாரம் அவருக்கு அது வாயிலேயே நுழையல. "நான் எதுக்குப்பா மன்னிப்பு கேக்கணும், நானா டேக் ஒட்டினேன்"னு சண்டை போட்டார். அப்புறம் ஒரு நாள் ராத்திரி, பத்து மணிக் கூட்டத்துல கேட் கத்துச்சு. நான் நிமிர்றதுக்குள்ள அண்ணன் கவுன்டர் பக்கம் திரும்பி, "டேய், ஒழுங்கா பில் போடுறா, தங்கச்சி ஷிஃப்ட் முடிச்சு வந்திருக்கு"ன்னு கத்தினார். வரிசையில இருந்தவங்க எல்லாரும் பில் போடுறவனைப் பார்த்தாங்க.